திக்குவாயை 21 நாளில் போக்குகிறோம் என்பவர்களிடம் போகாதீர்கள்

எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து திக்குகிறது. இப்போது வயது 36. என் மகளுக்கு நான்கு வயது. மூன்றரை வயதில் அவளும் திக்கத் தொடங்கினாள். எங்கள் இருவரையும் சேர்த்தே சரிசெய்து தருவதாகச் சொன்ன ஒரு பயிற்சி மையத்தை நம்பி ஏமாந்தோம். பணம் போனது ஒரு பக்கம். அவர்கள் பேச்சைக் கேட்டு இரண்டு மாதம் நான் என் மகளோடு பேசாமல் இருந்தேன், அதுதான் இன்னும் ஆறவில்லை. மையத்தின் பெயரை எழுதப்போவதில்லை. இதே முறையில் நடத்துபவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். முறை தெரிந்துவிட்டால் எந்தப் பெயரில் வந்தாலும் உங்களால் கண்டுபிடித்துவிட முடியும்.

"21 நாளில் நிரந்தர விடுதலை, உத்தரவாதம் உண்டு" என்பதுதான் விளம்பரம். நேரில் போனபோது அங்கிருந்தவர் என் பேச்சை இரண்டு நிமிடம்கூடக் கேட்கவில்லை. "உங்களுக்குத் தன்னம்பிக்கை குறைவு சார், மூச்சு சரியில்லை, அதான்" என்றார். அப்புறம் மகளைப் பார்த்தார். "பாப்பா உங்களைப் பார்த்துதான் கத்துக்கிட்டிருக்கா. நீங்க திக்குறது இனி அவ காதுல விழக்கூடாது. அவளுக்குச் சரியாகற வரைக்கும் அவ முன்னாடி பேசாதீங்க" என்றார். முழுத் தொகையையும் அன்றைக்கே கட்டச் சொன்னார்கள். கட்டினேன். என்னால்தான் குழந்தைக்கு இப்படி ஆனது என்ற எண்ணம் ஏற்கெனவே எனக்குள் இருந்தது. அதை ஒருவர் வாய்விட்டுச் சொன்னதும் அவர் சொல்வதெல்லாம் உண்மை என்றே பட்டது.

முதல் நாள் பயிற்சி இதுதான்: விரலால் தொடையில் தட்ட வேண்டும், ஒரு தட்டுக்கு ஓர் எழுத்து. நா-ளை-வ-ரு-கி-றேன். ஒரே மணி நேரத்தில் எனக்குத் திக்கல் போய்விட்டது. திக்கும் எவரிடமும் கேட்டுப் பாருங்கள், சொல்லவே முடியாத சொல் எது என்றால் பெரும்பாலும் தன் பெயர் என்பார். மற்ற சொல் வராவிட்டால் வேறு சொல்லைப் போட்டுச் சமாளிக்கலாம், பெயருக்கு மாற்றுச் சொல் கிடையாது. அன்று நான் என் பெயரை ஐந்து முறை தடையில்லாமல் சொன்னேன். அழுதுவிட்டேன்.

இங்கேதான் எல்லோரும் விழுகிறோம் என்பதால் இதை விளக்கமாகச் சொல்கிறேன். தாளத்துக்குப் பேசினால் திக்குபவர்களில் பெரும்பாலோருக்குத் திக்காது. பாடினாலும், பிறரோடு சேர்ந்து ஒரே குரலில் படித்தாலும், தனியாக இருக்கும்போது பேசினாலும், கிசுகிசுத்தாலும் பலருக்குத் திக்கல் வெகுவாகக் குறையும். பேச்சின் அசைவுகளை எப்போது தொடங்குவது, எப்போது அடுத்ததற்கு நகர்வது என்று நேரம் குறிப்பதில்தான் திக்குபவரின் மூளை சிரமப்படுகிறது என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். வெளியிலிருந்து ஒரு தாளம் கிடைத்ததும் அந்தச் சுமை கொஞ்சம் இறங்குகிறது. பேச்சுத் துறையில் இருப்பவர்களுக்கு இது வெகுகாலமாகத் தெரிந்த சங்கதி. பழகப் பழக அந்தப் பலன் தேய்ந்துவிடும் என்பதும் அவர்களுக்குத் தெரியும். எந்தத் தாளமும் முதல் மணி நேரத்தில் செய்து காட்டும் ஒன்றை எனக்கு மருந்து என்று விற்றார்கள்.

21ஆம் நாள் காணொளி எடுத்தார்கள். "இத்தனை வருடம் திக்கினேன், இன்று முழுமையாகக் குணமாகிவிட்டேன்" என்று நான் சொல்ல வேண்டும். கேமராவை என் மார்புக்கு மேலே மட்டும் தெரிகிற மாதிரி வைத்தார்கள். ஏன் என்று அப்போது நான் யோசிக்கவில்லை. கேமராவுக்குத் தெரியாமல் கீழே என் வலது கை விடாமல் தொடையைத் தட்டிக்கொண்டிருந்தது.

காணொளி எடுத்த பிறகு மூன்றாவது வாரம் முடிவதற்குள் எல்லாம் திரும்பிவிட்டது. முன்பைவிட மோசமாக. முன்பு சொல் அடைத்துக்கொண்டால் கண்ணை இறுக மூடுவேன். இப்போது அதோடு கையும் துடித்தது. மையத்துக்குத் தொலைபேசியில் அழைத்தேன். எடுத்த பெண் "யார் பேசுறீங்க?" என்றார். பெயரின் முதல் எழுத்தில் அடைத்துக்கொண்டது. உதடு ஒட்டியபடியே நின்றது, சத்தம் வரவில்லை. "ஹலோ, ஹலோ" என்றுவிட்டு வைத்துவிட்டார். மறுபடி அழைத்தேன், மறுபடியும் அப்படியே. திக்குபவர்களுக்காகவே நடத்தும் இடத்தில், ஒருவர் பெயரைச் சொல்ல ஐந்து விநாடி காத்திருக்க ஆளில்லை. நேரில் போனபோது கிடைத்த பதில்: "நீங்க பயிற்சியை ஒழுங்கா செய்யல. உத்தரவாதம் பயிற்சி செய்யறவங்களுக்குத்தான்." கூடவே நரம்பை வலுவாக்கும் மாத்திரை என்று ஒன்றையும் நீட்டினார்கள். திக்கலுக்கென்று அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகம் இதுவரை எந்த மருந்தையும் அங்கீகரித்ததில்லை என்பதைப் பிறகு தெரிந்துகொண்டேன்.

நான் பட்டது போகட்டும். மகளுக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

அவள் திக்கும் ஒவ்வொரு முறையும் நிறுத்தி, "மூச்சை இழு, மறுபடி சரியாச் சொல்லு" என்று திருத்த வேண்டும் என்றார்கள். அவர்களும் அப்படியே செய்தார்கள், வீட்டில் என் மனைவியையும் செய்ய வைத்தார்கள். அதற்கு முன்னால் அவள் "அ-அ-அ-அப்பா, இங்க பாரு" என்று ஓடி வருவாள். திக்குவது அவளுக்கு ஒரு பொருட்டே இல்லை. பயிற்சி தொடங்கி இரண்டு வாரத்தில் வாயைத் திறக்கும் முன் அம்மாவின் முகத்தைப் பார்க்க ஆரம்பித்தாள். படத்தில் இருப்பது யானை என்று தெரிந்தும் "தெரியாது" என்றாள். ஒருநாள் அவள் விரல் தொடையைத் தட்டிக்கொண்டிருந்தது. அன்று இரவு என் மனைவியிடம் மெல்லக் கேட்டிருக்கிறாள்: "அப்பாவுக்கு என் மேல கோபமா? ஏன் பேச மாட்டேங்குறாங்க?"

அதற்கு மேல் அங்கே போகவில்லை.

பிறகு முறையாகப் படித்த ஒரு பேச்சுச் சிகிச்சையாளரிடம் போனோம். மையத்தில் சொன்ன ஒவ்வொன்றும் எவ்வளவு தவறு என்று அவரிடம்தான் தெரிந்துகொண்டேன். திக்கல் பார்த்துக் கற்றுக்கொள்வதால் வருவதில்லை. பயத்தாலோ வளர்ப்பாலோ வருவதும் இல்லை. பதற்றம் இருக்கிற திக்கலைக் கூட்டலாம், ஆனால் அது காரணம் ஆகாது. பேச்சை இயக்கும் மூளை இணைப்புகள் வளர்கிற விதத்தில் உள்ள வேறுபாடு அது, பரம்பரைக்கும் அதில் பெரிய பங்குண்டு. 2010இல் டென்னிஸ் டிரேனா என்பவரின் ஆய்வுக்குழு திக்கலோடு தொடர்புடைய மூன்று மரபணுக்களை அறிவித்தது. என் மகளுக்கு என்னிடமிருந்து வந்திருக்கலாம், சரி. ஆனால் அது என் குரலைக் கேட்டு வந்ததில்லை. நான் வாயை மூடிக்கொண்டிருந்த அந்த இரண்டு மாதத்தால் அவளுக்கு ஒரு நன்மையும் இல்லை.

அவர் சொன்ன இன்னொரு கணக்கைப் பெற்றோர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். நூறு குழந்தைகளில் ஏறத்தாழ 5 பேர் ஏதோ ஒரு காலத்தில் திக்குகிறார்கள். பெரும்பாலும் இரண்டு வயதுக்கும் ஐந்து வயதுக்கும் இடையில் தொடங்குகிறது. அவர்களில் நான்கில் மூன்று பேருக்கோ அதற்கும் மேலோ தானாகவே நின்றுவிடுகிறது. பெரியவர்களில் திக்குபவர்கள் நூற்றுக்கு ஒருவர்தான். அப்படியென்றால் சின்னக் குழந்தைகளை மட்டும் சேர்த்துக்கொண்டு ஒன்றுமே செய்யாமல் உட்கார்ந்திருந்தாலும், ஒரு மையம் நிறையக் குழந்தைகளைக் "குணப்படுத்தியதாக"ச் சுவரில் படம் மாட்டலாம். நான் பார்த்த சுவரில் இருந்ததெல்லாம் குழந்தைகளின் படம்தான்.

திருத்தித் திருத்தி என்ன ஆகும் என்பதற்கு ஒரு பழைய சாட்சியும் இருக்கிறது. 1939இல் அமெரிக்காவின் அயோவாவில், வெண்டல் ஜான்சன் என்ற பேச்சு அறிஞரின் மேற்பார்வையில் மேரி டியூடர் என்ற மாணவி ஓர் அநாதை இல்லத்தின் 22 குழந்தைகளிடம் ஒரு சோதனை நடத்தினார். நன்றாகப் பேசிக்கொண்டிருந்த சில குழந்தைகளிடம் "உனக்குத் திக்குகிறது, சரியாக வராவிட்டால் பேசாதே" என்கிற மாதிரி திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டது. அந்தக் குழந்தைகள் திக்குவாயர்களாக மாறிவிடவில்லை. ஆனால் வாய் திறக்கவே கூசினார்கள், ஒடுங்கிப்போனார்கள். அயோவா பல்கலைக்கழகம் 2001இல் அதற்காக மன்னிப்புக் கேட்டது. இதைப் படித்தபோது "தெரியாது" என்று சொன்ன என் மகளின் முகம்தான் கண்ணில் நின்றது.

சரியான சிகிச்சை எப்படி இருக்கும் என்றும் சொல்லிவிடுகிறேன். அந்தச் சிகிச்சையாளர் முதல் நாள் மகளைப் பேசச் சொல்லவே இல்லை. தரையில் உட்கார்ந்து கட்டைகளை அடுக்கி விளையாடினார். அவள் தானாகப் பேசியதைக் கவனித்து, எது திரும்ப வருகிறது, எது இழுக்கிறது, எது அடைத்துக்கொள்கிறது என்று குறித்துக்கொண்டார். குடும்பத்தில் யாருக்கு இருந்தது, தொடங்கி எத்தனை மாதமாயிற்று, அவள் இதைப் பற்றி வருத்தப்படுகிறாளா என்று எங்களிடம் கேட்டார். "நின்றுவிடும் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது, ஆனால் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது" என்றார். உத்தரவாதம் கேட்டுக் கேட்டுப் பழகியிருந்த எனக்கு அந்த ஒரு வாக்கியத்தில்தான் நம்பிக்கை வந்தது. வேலையில் முக்கால்வாசி எங்களுடையது: நாங்கள் கொஞ்சம் நிதானமாகப் பேசுவது, அவள் முடித்த பிறகு ஒரு விநாடி விட்டுப் பதில் சொல்வது, அவள் சொல்லைப் பிடுங்கி முடிக்காமல் இருப்பது, தினமும் ஐந்து நிமிடம் அவளுக்கு மட்டுமே என்று உட்காருவது. "மெதுவாப் பேசு" என்று அவளிடம் சொல்வதை நிறுத்தச் சொன்னார்.

எனக்கு அவர் கற்றுக்கொடுப்பது வேறு. திக்காமல் இருப்பது இலக்கில்லை. அடைப்பு வரும்போது அதை எதிர்த்து முட்டாமல், அந்த எழுத்திலேயே இறுக்கத்தைத் தளர்த்தி வெளியே வருவது. தொலைபேசியில் முதலிலேயே "எனக்குத் திக்கும், கொஞ்சம் பொறுங்க" என்று சொல்லிவிடுவது. சில நேரம் வேண்டுமென்றே திக்கிப் பார்ப்பது. இது கேட்க விசித்திரமாக இருக்கும், ஆனால் பயம் குறைய எனக்கு இதுதான் உதவியது. இன்றும் திக்குகிறேன். வேண்டிய சொல்லை விட்டுவிட்டு வேறு சொல்லுக்கு ஓடுவது மட்டும் வெகுவாகக் குறைந்திருக்கிறது.

உங்கள் குழந்தைக்குத் தொடங்கி ஆறு மாதம் தாண்டிவிட்டாலோ, பேசும்போது முகத்தை இறுக்கிப் போராடினாலோ, குடும்பத்தில் வளர்ந்த பிறகும் திக்குபவர் யாராவது இருந்தாலோ காத்திருக்காமல் காட்டுங்கள். காட்டுவதற்கு முன் அவர்களின் படிப்பையும் பதிவையும் கேளுங்கள். நாள் கணக்கு சொல்கிறார்களா, முழுப் பணத்தையும் முதலிலேயே கேட்கிறார்களா, நாக்கை அறுக்கலாம் என்கிறார்களா, எழுந்து வந்துவிடுங்கள். 1841இல் ஜெர்மனியில் டீஃபன்பாக் என்ற அறுவை மருத்துவர் திக்கலுக்காக நாக்கை வெட்டியே பார்த்தார், பலனில்லை என்று கைவிடப்பட்ட வழி அது. ஆறு மாதம் கழித்துப் பேச்சு எப்படி இருந்தது என்று பழைய ஆட்களிடம் நேரடியாகக் கேட்க வழி உண்டா என்றும் விசாரியுங்கள். என் மையத்தில் இதைக் கேட்டிருந்தால் பதிலே வந்திருக்காது.

என் காணொளியை எடுத்துவிடச் சொல்லி மூன்று முறை எழுதிக் கேட்டுவிட்டேன். இன்னும் எடுக்கவில்லை. இப்படி ஒரு காணொளி உங்கள் கண்ணில் பட்டால், சத்தத்தை நிறுத்திவிட்டுப் பேசுபவரின் தோளை மட்டும் பாருங்கள். ஒவ்வோர் எழுத்துக்கும் வலது தோள் லேசாக ஏறி இறங்கினால், அது நானாகவும் இருக்கலாம்.