புள்ளி வைத்த காஃப்: ஒரே எழுத்தா, ஒட்டுப் புள்ளியா?

நன்னியின் (பாட்டியின்) கணக்கு நோட்டைத் தட்டச்சு செய்து முடித்தாயிற்று. நூறு பக்கத்துக்குக் கொஞ்சம் குறைவு; முழுக்க அரபுத்தமிழ். அரபு எழுத்தில் தமிழை வாசிக்கத் தெரிந்தவர் இன்று ரங்கூனில் எங்கள் உறவில் வீட்டுக்கு ஒருவர் இருந்தாலே அதிகம். அந்த நோட்டில் என்னைப் படாதபாடு படுத்தியது ஒரே ஓர் எழுத்து: கீழே புள்ளி வைத்த காஃப், அதாவது அரபியின் ‘க’ எழுத்து. ‘வாங்கி’ என்னும்போது வருகிற ககர ஒலிக்கு அரபியில் தனி எழுத்து இல்லாததால், காஃபின் அடியில் ஒரு புள்ளியை வைத்துச் சமாளித்திருக்கிறார்கள்.

இதைக் கணினியில் அடிக்க மூன்று வழிகள் உண்டு. யுனிகோட் என்ற உலகப் பொதுமுறை ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் தருகிறது; கீழே வருபவை அந்த எண்கள். இதே ஒலிக்கு உருதுவில் இருக்கும் ‘gaf’ என்ற வேறு எழுத்தை (06ஏஎஃப்) அடித்துவிடுவது முதல் வழி. எந்தப் போனிலும் உருது விசைப்பலகையில் இருக்கிறது, சுலபம். ஆனால் அதற்குத் தலைக்கு மேல் கோடு. நன்னி எழுதியதோ அடியில் புள்ளி. பார்த்து எழுதுகிறவன் எழுத்தை மாற்றக் கூடாது. அதை அத்துடன் விட்டேன்.

இரண்டாவது, சாதாரண காஃபை (0643) அடித்து, அதனுடன் 065சி என்ற கீழ்ப்புள்ளியை ஒட்டுவது. மூன்றாவது, 2015இல் யுனிகோட் 8.0 அரபுத்தமிழுக்காகவே சேர்த்த 08பி4 என்ற தனி எழுத்து.

முதல் முப்பது பக்கத்தை நான் ஒட்டுப் புள்ளியோடு அடித்தேன். மீதியை அக்கா மகன் தன் மடிக்கணினியில் தனி எழுத்தைக் கொண்டு அடித்தான். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே இருந்தன. கோப்புகளைச் சேர்த்து ‘ரங்கூன்’ என்று தேடினேன், நான்குதான் வந்தது. நான்கும் என் பக்கங்களில்.

காரணம் இதுதான். 065சி எழுத்தின் உறுப்பாக வரவில்லை, உயிர்க்குறியாகத்தான் யுனிகோடில் இடம்பெற்றது. புள்ளி வைத்த அரபு எழுத்தை யுனிகோட் முழு எழுத்தாகவே பார்க்கிறது. காஃப், புள்ளி என்று பிரித்துப் பார்ப்பதில்லை. அதனால் எந்தச் சீராக்கமும் (ஒரே எழுத்தைப் பலவிதமாக அடித்ததை ஒரே வடிவுக்குக் கொண்டுவரும் யுனிகோட் விதி) இந்த இரண்டையும் ஒன்றாக்காது. இன்னொரு வம்பும் உண்டு. ‘வாங்கி’யில் காஃபுக்குக் கீழே ஜேர் (இகர உயிர்க்குறி) வர வேண்டும். காஃப், புள்ளி, ஜேர் என்று அடித்தாலும், சீராக்கும்போது விதிப்படி ஜேர் முன்னே போய்விடும், புள்ளி பின்னால் தள்ளப்படும். எழுத்துரு தானாகச் சரிசெய்யாவிட்டால் புள்ளி எழுத்தை விட்டு ஜேரின் அடியில் தொங்கும். கணக்கு நோட்டில் ‘வாங்கி’ எத்தனை முறை வரும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

ஸாவ்ஜி என்ற, யுனிகோடுக்கு ஒத்துவராத பழைய பர்மிய எழுத்துருவோடு மல்லுக்கட்டிய ஊர்க்காரருக்கு இது புதிதல்ல. பர்மியச் சொல் கண்ணுக்குச் சரியாகத் தெரியும், தேடினால் அகப்படாது. 2019 அக்டோபர் 1 அன்று நாடே யுனிகோடுக்கு மாறியது இந்தத் தொல்லைகளால்தானே. அதே பள்ளத்தில் நான் மறுபடி விழுந்திருக்க வேண்டாம்.

தனி எழுத்துக்கும் குறை உண்டு. என் போன் விசைப்பலகையில் அது இல்லை. குறுக்குச் சொல் ஒன்றைப் பதிந்துவைத்துக்கொண்டேன். வேர்டில் 08பி4 என்று அடித்து ஆல்ட்டையும் எக்ஸையும் சேர்த்து அழுத்தினால் வந்துவிடுகிறது. எழுத்துரு இல்லாத கருவியில் வெறும் கட்டம்தான் தெரியும். நான் ஷெஹெரசாதே நியூ என்ற அரபு எழுத்துருவைப் போட்டேன். பர்மியத்துக்கு நாம் பயன்படுத்தும் படவுக் எழுத்துருவை வெளியிட்டவர்கள்தான் இதையும் இலவசமாகத் தருகிறார்கள். ஒரு நோட்டு, இரண்டு மடிக்கணினி, ஒரு போன்: என் அனுபவம் இவ்வளவுதான். அச்சகத்துக்குக் கொண்டுபோனதில்லை.

முப்பது பக்கத்தையும் மாற்ற ஒரு மாலை போதுமாக இருந்தது. மறுபடி ‘ரங்கூன்’ தேடினேன்: பதினொன்று. பன்னிரண்டாவது ஒன்று இருக்கிறது. அங்கே நன்னி புள்ளி வைக்க மறந்துவிட்டார்கள். அதை அப்படியே விட்டிருக்கிறேன்.