புதுச்சேரியில் ஸ்பீடு ஏற்றி வாங்கிய கதை

கல்யாண வீடியோ எடிட்டிங்தான் என் பிழைப்பு. கடலூர் மஞ்சக்குப்பத்தில் மொட்டைமாடிக்கு நேர் கீழே அறை. ரெண்டர் (எடிட் செய்ததை முழு வீடியோவாக்கும் வேலை) இழுக்கிறதே என்று சிபியூ பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் புதுச்சேரிக்குப் போனேன். "உங்களுது கே சிப்புண்ணா, ஓவர்க்ளாக் பண்ணா பறக்கும். ரெண்டாயிரம் கொடுங்க" என்றான் கடைப் பையன். ஓவர்க்ளாக் என்றால் கம்பெனி வைத்த வேகத்தைத் தாண்டி சிப்பை ஓட்டுவது; அதற்குப் பூட்டுப் போடாத சிப்தான் 'கே'. ஒன்றும் ஆகாதே என்று கேட்டேன். "ஒண்ணும் ஆகாதுண்ணா." ஏசி அறையில் பத்து நிமிடம் டெஸ்ட் ஓட்டிக் காட்டினார்கள். சரி, நம்பிவிட்டேன்.

மே மாதம் வந்தது. நாற்பது நிமிட ரெண்டர் நாற்பத்தேழு நிமிடம் ஆனது! சிப் 100 டிகிரியைத் தொட்டதும் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும் என்பதெல்லாம் அப்போது தெரியாது. அப்புறம் நீலத்திரை, அதாவது கம்ப்யூட்டர் திடீரென்று நின்று நீலமாக எரர் காட்டுவது. கடையில் கேட்டால் "கரண்ட் பிராப்ளம், யுபிஎஸ் மாத்துங்க" என்றார்கள். அதையும் வாங்கித் தொலைத்தேன், அதே கடையில்.

கடைசியில் ஒரு கல்யாண வீடியோவில், கெட்டிமேளம் கொட்டித் தாலி கட்டும் அந்த நொடியில், மாப்பிள்ளையின் கை இருக்க வேண்டிய இடத்தில் பச்சைக் கட்டங்கள். நான் கவனிக்கவில்லை. பெண்ணின் சித்தி கவனித்தார். அந்த போன் காலை இங்கே எழுத முடியாது.

நண்பர் ஒருவர் பயாஸை, அதாவது மதர்போர்டின் அடிப்படை செட்டிங்ஸைத் திறந்து பார்த்தார். என்னுடையது இன்டெல் 12600கே சிப், கம்பெனி வைத்த உச்சமே 4.9 கிகாஹெர்ட்ஸ். இவர்கள் பெரிய கோர்கள் (சிப்புக்குள் வேலை செய்யும் பகுதிகள்) ஆறையும் 5.2-இல் வைத்து, வோல்ட்டேஜை 1.42 வோல்ட்டில் பூட்டியிருந்தார்கள். கூலரோ பழைய சின்ன கூலர். வோல்ட்டேஜ் ஏறினால் சூடு அதன் வர்க்கத்தில் ஏறும்: உதாரணத்துக்கு 1.25 வோல்ட்டிலிருந்து 1.42 என்றால் அதற்கு மட்டுமே சுமார் 29 சதவீதம் அதிகம்.

திரும்பப் போய்க் கேட்டேன். "நீங்கதானேண்ணா வேகம் கேட்டீங்க" என்றார் ஓனர். கேட்டது நான்தான், மறுக்கவில்லை. ஆனால் ஓவர்க்ளாக்கால் வரும் சேதத்துக்கு இன்டெல் வாரண்டி கிடையாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே? முன்பு தனியாகப் பணம் கட்டினால் அதற்கும் சிப் மாற்றித் தரும் திட்டம் ஒன்று இருந்தது, 2021-இலேயே நிறுத்திவிட்டார்கள்.

பில்லில் "சர்வீஸ் சார்ஜ்" என்று மட்டும் இருக்கிறது. நீங்கள் செய்வதாக இருந்தால் எத்தனை கிகாஹெர்ட்ஸ், எத்தனை வோல்ட் என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள். டெஸ்ட்டை ஏசி இல்லாமல் ஒரு மணி நேரமாவது ஓட்டச் சொல்லுங்கள். எல்லாவற்றையும் டீஃபால்ட்டுக்கு மாற்றியும் எனக்கு வாரம் ஒருமுறை நீலத்திரை வருகிறது. சிப் தேய்ந்துவிட்டது என்கிறார் நண்பர். யுபிஎஸ் மட்டும் நன்றாக ஓடுகிறது.