இழுப்பறையில் இருந்த பழைய பிராசஸர்

இந்த முறை ஊரில் இருந்த 18 நாளில் 4 நாளை ஒரு மதர்போர்டு தின்றுவிட்டது. மற்றதெல்லாம் நன்றாகவே நடந்தன, அவற்றைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

அண்ணன் மகளுக்கு ஒரு கம்ப்யூட்டர் கட்டித் தருவதாகப் போனிலேயே சொல்லியிருந்தேன். கையைக் கடிக்காத பட்ஜெட். தனி கிராபிக்ஸ் கார்டுக்கு வழியில்லை என்பதால், உள்ளேயே கிராபிக்ஸ் உள்ள ரைசன் 5 5600ஜி பிராசஸர். (ஜி இல்லாத வெறும் 5600ஐ வாங்கிவிட்டு, போர்டில் எச்டிஎம்ஐ இருந்தும் படம் வரவில்லையே என்று விழிப்பவர்கள் இன்னும் உண்டு.) அதற்கு ஏ520 என்ற எளிய ரக மதர்போர்டே போதும்தான். ஆனால் பின்னால் பெரிய பிராசஸர் போட்டாலும் தாங்க வேண்டும், பிராசஸருக்கு மின்சாரத்தைப் பக்குவப்படுத்தித் தரும் விஆர்எம் மேல் சூடு தணிக்கும் ஹீட்சிங்க் வேண்டும், மெமரிக்கு 4 ஸ்லாட் வேண்டும் என்று ஒரு படி மேலான பி550க்குப் போனேன். பெட்டியில் பெரிதாகப் போட்டிருந்த பிசிஐஇ 4.0க்கு (கார்டுகளுக்கான வேக இணைப்பு) மயங்கவில்லை, 5600ஜி போட்டால் 3.0தான் கிடைக்கும்.

துண்டுச் சீட்டில் கொட்டேஷன் வாங்கிக்கொண்டு நாலு கடை ஏறி இறங்குவோமே, அதெல்லாம் போய்விட்டது. கவுண்டரில் இருந்த தம்பி போனிலேயே அனுப்பிவிட்டார். மாறாதது ஒன்றுதான்: "சார், பெட்டியப் பிரிச்சா திருப்பி எடுக்க மாட்டோம்." இப்போது இருக்கும் நாட்டில் நான் வாங்கும் இடத்தில் பிரித்து, மாட்டி, பிடிக்காவிட்டாலும் ஒரு மாதத்துக்குள் திருப்பிக் கொடுத்துவிடலாம். ஏன் என்றுகூடக் கேட்பதில்லை.

அன்று ராத்திரியே மாட்டி முடித்து பட்டனை அழுத்தினேன். ஃபேன்கள் சுற்றின. திரை கறுப்பு. போர்டின் ஓரத்தில் சிபியு என்று எழுதியிருந்த இடத்தில் மட்டும் ஒரு குட்டிச் சிவப்பு விளக்கு.

"சித்தப்பா, ஒடச்சிட்டீங்களா?"

பிராசஸரைக் கழற்றி, போன் டார்ச்சில் ஒவ்வொரு வரிசையாகப் பின்களைப் பார்த்தேன். மொத்தம் 1331, ஒன்றுகூட வளையவில்லை. ஒரே ஒரு மெமரியை வைத்துப் பார்த்தேன், போர்டில் உள்ள குட்டி பேட்டரியைக் கழற்றி மாட்டினேன். ம்ஹூம்.

மறுநாள் அந்தத் தம்பி பெட்டியைத் திறக்காமலே, "பின் வளஞ்சிருக்கும் சார்" என்றார். பிறகு சர்வீஸ் சென்டருக்குப் போகச் சொன்னார். அங்கே டோக்கன், படிவம், பில்லின் நகல், 15 வேலை நாள். எனக்கோ 11 நாளில் விமானம். அடுத்த நாள் கடைக்கே திரும்பி வந்து கொஞ்சம் சத்தம் போட்டேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

சத்தம் கேட்டு உள்ளேயிருந்து ஒரு பெரியவர் வந்தார், கண்ணாடி நெற்றியில். போர்டில் பயாஸ் (பட்டனை அழுத்தியதும் கம்ப்யூட்டரை எழுப்பும் மென்பொருள்) இருக்கும் சிப்பின் மேல் ஒட்டியிருந்த நகத்தளவு லேபிளைப் பார்த்தார். "இது 2020 சரக்கு சார். உங்க பிராசஸர் 2021ல வந்தது. போர்டுக்கு அது யாருன்னே தெரியாது."

எனக்குத் தெரிந்த விஷயம்தான், அதுதான் கொடுமை. போர்டு, பிராசஸர் இரண்டுமே ஏஎம்4 என்ற ஒரே சாக்கெட் வகை, போய் உட்கார்ந்துவிடும். ஆனால் பயாஸ் பழசாக இருந்தால் எழுந்திருக்காது. ஃபிளாஷ்பேக் பட்டன் உள்ள போர்டாக இருந்தால் பிராசஸரே இல்லாமல் பென்டிரைவிலிருந்து புதிய பயாஸை ஏற்றியிருக்கலாம். கொஞ்சம் மிச்சம் பிடிக்கிறேன் பேர்வழி என்று அதைத்தான் விட்டிருந்தேன்.

அவர் மேசை இழுப்பறையைத் திறந்தார். ஸ்குரூ, கேபிள் டை, காய்ந்துபோன பேஸ்ட் டியூப், அடியில் ஃபோமில் குத்திவைத்த ஒரு ரைசன் 3 3100, அந்தப் பழைய பயாஸுக்கும் தெரிந்த பிராசஸர். அதில் கிராபிக்ஸ் கிடையாதே என்று நான் வாயைத் திறப்பதற்குள் பரணிலிருந்து தூசு படிந்த ஒரு கார்டும் வந்தது. ஊதினார். பென்டிரைவை எஃப்ஏடி32வில் ஃபார்மட் செய்து புதிய பயாஸ் ஃபைலைப் போட்டார். யுபிஎஸ்ஸில் செருகியிருக்கிறதா என்று இரண்டு முறை குனிந்து பார்த்தார். "முடியற வரைக்கும் மேசையத் தொடாதீங்க." பாதியில் கரண்ட் போனால் போர்டு போச்சு. திரையில் 100 சதவீதம் வரும்வரை மூன்று பேரும் பேசவில்லை. அப்புறம் என் பிராசஸரை மாட்டினார். படம் வந்தது.

காசு நீட்டினேன். "இதுக்கெல்லாமா சார்" என்று இழுப்பறையை மூடிவிட்டார்.

நான் இருக்கும் நாட்டில் என்றால் மன்னிப்புக் கேட்டுப் பணத்தைத் திருப்பியிருப்பார்கள், அதே சரக்கிலிருந்து இன்னொரு பெட்டியும் அனுப்பியிருப்பார்கள். என்ன கோளாறு என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனாலும் அந்தத் தம்பிமேல் கோபம் போகவில்லை. பெரியவர் அவருக்குப் பத்தடி தள்ளித்தானே உட்கார்ந்திருந்தார்? முதல் நாளே எழுப்பிக் கேட்டிருக்கலாம்.

வீட்டில் எல்லாவற்றையும் திரும்ப மாட்டி, கேபிள்களைக் கட்டி, கடைசி ஸ்குரூவையும் முறுக்கி நிமிர்ந்தேன். அண்ணன் மகள் காலிப் பெட்டிக்குள்ளிருந்து ஒரு தகரத் துண்டை எடுத்து நீட்டினாள். போர்டை மாட்டுவதற்கு முன்பே கேபினட்டின் பின்புறத்தில் பொருத்த வேண்டிய ஐஓ ஷீல்டு. எல்லாவற்றையும் மறுபடியும் கழற்றினோம்.