1 டன் சைலேஜ் பை: மக்காச்சோளத்துக்கு ஓகே, தட்டைப்பயிறுக்கு?

மக்காச்சோளத்த சைலேஜ் போட, அதாவது பச்சைத் தீவனத்த நறுக்கிக் காத்துப் புகாம அமுக்கிப் புளிக்க வைக்க, இந்த 1 டன் பை நல்ல பை, அதுல ரெண்டாவது பேச்சே இல்ல. ஆனா தட்டைப்பயிறு, குதிரைமசால்னு பயறு வகைய சைலேஜ் போடப் போறவங்க பைய மட்டும் நம்பி இறங்காதீங்க. கடையில "எந்தப் பச்சைய வேணா வெட்டி அமுக்கிக் கட்டுங்க, 45 நாள்ல ரெடி"ன்னு சொல்லித்தான் விக்கிறாங்க. அது பாதி உண்மை.

முதல்ல பை. வெளிய கெட்டியான நெசவு, உள்ள தனியா பாலித்தீன் லைனர். தையல் ஸ்ட்ராங், ரெண்டு பேர் உள்ள இறங்கி மிதிச்சும் பிரியல. லைனர்தான் மெலிசு, சாப் கட்டர்ல (தீவனம் நறுக்குற மெஷின்) சரியா நறுங்காத தட்டு ஒண்ணு குத்துனா போதும், அந்த ஓட்டை வழியா காத்து போயி சுத்தி பூசணம் புடிச்சிடும். அப்புறம் அடி சதுரமா இருக்கு, நாலு மூலையிலயும் காத்து நிக்குது, அதனால மூலைய நல்லா மிதிச்சுட்டுதான் நடுவுல வரணும். 1 டன்னுன்னு போட்டிருக்கான், கால்ல மிதிச்சு வாடின தட்டைப்பயிறு 700 கிலோ கிட்டதான் போச்சு.

இப்ப விஷயத்துக்கு வரேன். பயறு வகையில சர்க்கரை கம்மி, புரதமும் சுண்ணாம்புச் சத்தும் ஜாஸ்தி. நுண்ணுயிர் கஷ்டப்பட்டு உண்டாக்குற அமிலத்த இதுக ரெண்டும் முறிச்சுக்கிட்டே இருக்கும், பிஎச் சட்டுன்னு இறங்காது, அதாவது புளிப்பு சீக்கிரம் ஏறாது. அதுல ஈரமும் சேந்துச்சுன்னா வேற பாக்டீரியா புகுந்து அழுக வச்சிடும். பக்கத்து தோட்டத்துல இதே பைல மழ நாள்ல அறுத்த தட்டைப்பயிற வாட்டாமயே கட்டிட்டாங்க, திறந்தப்ப வந்த நாத்தத்துல மாடு மூஞ்சியத் திருப்பிக்கிச்சு, அடியில கருப்பா தண்ணி நின்னுச்சு. பை மேல தப்பு சொல்ல முடியாது, எங்கயும் கிழியல.

நாங்க போட்டது பாதி பூவுல இருக்கும்போது பனி காஞ்சப்புறம் அறுத்தது, காட்டுலயே பரப்பி மத்தியானம் வரைக்கும் திருப்பிப் போட்டு வாட்டுனது. நறுக்குனத ஒரு கைப்பிடி எடுத்து இறுக்கிப் புடிச்சு விட்டோம்னா தண்ணி சொட்டக்கூடாது, உருண்டை மெதுவா விரியணும், அதான் பதம். அதுக்கு மேல காஞ்சா குதிரைமசால்ல இலை பூரா உதிந்திடும், சத்து இலையிலதான இருக்கு, அப்புறம் குச்சிய ஊறவச்சு என்ன பிரயோஜனம். 100 கிலோவுக்கு 3 கிலோ மொலாசஸ (சர்க்கரை ஆலைக் கழிவுப் பாகு) தண்ணியில கரைச்சுத் தெளிச்சு அரையடி அரையடியா மிதிச்சோம்.

திறந்தப்ப மஞ்சப் பச்சையா, லேசான புளிப்பு வாசனையோட இருந்துச்சு, மேல ஒரு விரக்கடை மட்டும் பூசணம், அத எடுத்துக் குப்பையில போட்டாச்சு. மாட்டுக்கு 5 கிலோல ஆரம்பிச்சு மெல்ல ஏத்தி இப்ப 15 கிலோ, கூட வைக்கோலும் உண்டு. கறந்து முடிச்சப்புறம் வைங்க, முன்னாடி வச்சா பால்ல வாசனை ஏறும், சொசைட்டில மூஞ்சி சுளிப்பாங்க.

என்னக் கேட்டா தனியா போடுறதவிட பால் புடிச்ச மக்காச்சோளம் ரெண்டு பங்கு, தட்டைப்பயிறு ஒரு பங்குன்னு கலந்து போடுறதுதான் நிம்மதி, மொலாசஸ் செலவும் இல்ல. மார்க் போடணும்னா மக்காச்சோளத்துக்கு 5க்கு நாலரை, கலப்புக்கு 4, தனி பயறுக்கு 3. பையோட ஃப்ரீயா ஒரு கல்ச்சர் பாக்கெட் (புளிக்க வைக்கிற நுண்ணுயிர்) குடுத்தாங்க, அதுல தேதியே இல்ல, அத நான் பிரிக்கல.

ரெண்டு மாடு வச்சிருக்கவங்க இந்த சைஸ் வாங்காதீங்க. வாயத் திறந்துட்டா தினமும் எடுத்துச் சீக்கிரம் தீக்கணும், வெயில் காலத்துல இழுத்தடிச்சா மேல மேல சூடாகிக் கெட்டுரும். அவங்களுக்கு 500 கிலோ பைதான் தோது, ஆனா அதக் கேட்டா கடையில எப்பவும் ஸ்டாக் இல்லைங்கறாங்க.