எவர்சில்வர் டிபன் பாக்ஸ்: நான்கு பள்ளி ஆண்டுகளுக்குப் பிறகு

காலை ஏழேகாலுக்கு மூடும் டப்பா, பன்னிரண்டரைக்குத்தான் மறுபடி திறக்கும். உள்ளே என்ன வைத்தோம் என்பதைவிட, இந்த ஐந்து மணி நேரத்தில் அதற்கு என்ன ஆனது என்பதே பிள்ளை சாப்பிடுவதைத் தீர்மானிக்கிறது. நான்கு ஆண்டுகளாக வாரம் ஐந்து நாள் புழங்கியது நான்கு பக்கமும் கிளிப் உள்ள தட்டையான எவர்சில்வர் டப்பா. கூடவே ஒரு சூடு காக்கும் டப்பாவும் உண்டு.

டப்பா மிச்சத்தோடு திரும்பி வந்தால் முதலில் மூடியைச் சந்தேகப்படுங்கள். சோற்றைச் சுடச்சுட அடைத்து மூடினால் ஆவி மூடியில் முத்து முத்தாகப் பிடித்துக் கீழே சொட்டும். எலுமிச்சை சாதம் மேலே குழையும், இட்லி பிசுபிசுக்கும். அதோடு போகாது. உள்ளே சூடு ஆற ஆற மூடி உள்வாங்கிக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். ஆறு வயதுப் பிள்ளையின் விரலுக்கு அது அசையாது. தட்டில் பரப்பி ஃபேனுக்கு அடியில் பத்து நிமிடம் வைத்து, ஆவி அடங்கியதும் அடைத்தால் இரண்டும் தீரும். மூடியில் சின்ன ரப்பர் அடைப்பான் இருக்கும் மாடல் கிடைத்தால் அதையே வாங்கலாம். அதைத் தூக்கினால் காற்று உள்ளே போய் மூடி இளகிவிடும்.

தடுப்பு வைத்த டப்பா பார்க்க அழகு, ஆனால் பரிந்துரைக்க மாட்டேன். பெரும்பாலான மாடல்களில் தடுப்பு மூடியைத் தொடாது. பையில் டப்பா செங்குத்தாக நிற்கும்போது கூட்டு சோற்றுப் பக்கம் வந்துவிடும். அதற்குப் பதில் சாதத்துக்கு ஒன்று, பொரியலுக்கு ஒன்று என்று இரண்டு தனி டப்பா. ஒன்றாம், இரண்டாம் வகுப்புக்குச் சாத டப்பா 350 மி.லி. போதும். ஐந்தாம் வகுப்புக்கு மேல் 600.

மூடியின் சிலிக்கான் வளையம்தான் முதலில் கெடும். மஞ்சள் ஏறுவது தொல்லை இல்லை. வளையத்தை அப்படியே விட்டுக் கழுவினால் அடிப்பள்ளத்தில் கறுப்புப் புள்ளி பூக்கும், சாம்பார் வாடையும் போகாது. வாரம் ஒருமுறை ஸ்பூன் காம்பால் நெம்பி எடுத்து, வெந்நீரில் ஒரு ஸ்பூன் சமையல் சோடா போட்டு இருபது நிமிடம் ஊறவைத்து, நன்றாகக் காயவிட்டுத்தான் மாட்ட வேண்டும். முறுக்கிக்கொண்டு உட்கார்ந்தால் ஒழுகும். தண்ணீர் ஊற்றி மூடி, ஐந்து நிமிடம் கவிழ்த்து வைத்தால் தெரிந்துவிடும். வாங்கும்போதே உபரி வளையம் கேட்டு வாங்குங்கள்.

காந்தம் ஒட்டவில்லை, அதனால் 304 ஸ்டீல், அதாவது உயர்ந்த தரம் என்பார் கடைக்காரர். விலை குறைந்த 202 தர ஸ்டீலிலும் காந்தம் ஒட்டாது, அது ஒரு சோதனையே இல்லை. எந்த ஸ்டீலானாலும் ஊறுகாயை நேரடியாக வைக்காதீர்கள். உப்பும் புளிப்பும் சேர்ந்து புள்ளி புள்ளியாக அரித்துவிடும்.

சூடு காக்கும் டப்பாவில் கொதிநீர் ஊற்றி ஐந்து நிமிடம் வைத்துக் கொட்டிவிட்டு, கொதிக்கக் கொதிக்கச் சாம்பார் சாதத்தை விளிம்பு வரை நிரப்பினால்தான் பயன். பாதி நிரப்பினால் சீக்கிரமே வெதுவெதுப்பாகிவிடும். கிருமிக்கு அந்த வெதுவெதுப்புதான் வசதி. இரவு முழுக்க வெளியில் கிடந்த சோற்றைக் காலையில் தாளித்து எலுமிச்சை சாதமாக்குவதும் ஆபத்து. சோற்றில் வளரும் பேசிலஸ் சீரியஸ் கிருமி விட்டுவைக்கும் நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் அழியாது.

தயிர்சாதத்துக்கு ஒரு கப் குழைந்த சாதம், காய்ச்சி ஆறிய பால் ஒரு கப், தயிர் ஒரு மேசைக்கரண்டி. மதியத்துக்குள் அளவாக உறைந்திருக்கும். சித்திரை வெயிலில் தயிரைப் பாதியாக்குங்கள். இதைச் சூடு காக்கும் டப்பாவில் வைக்கவே கூடாது, புளித்துவிடும். பச்சைத் தேங்காய்ச் சட்னியும் மதியம் வரை தாங்காது. இட்லிக்கு நல்லெண்ணெயில் குழைத்த பொடியைத் தடவிவிட்டால் காயவும் காயாது. வெள்ளரிக்கு உப்புத் தூவினால் தண்ணீர் விடும், வெறுமனே நறுக்கி வையுங்கள். இத்தனையிலும் குறை சொல்ல முடியாதது முருங்கைக்கீரை அடைதான்: ஒரு கப் இட்லி அரிசிக்கு, துவரையும் கடலைப்பருப்பும் சேர்ந்து முக்கால் கப். விரல் அகலத்துக்கு நறுக்கி வைத்தால் பிய்க்க வேண்டியதில்லை, இருபது நிமிட இடைவேளைக்குள் முடியும்.

பாத்திரக் கடையில் பேர் வெட்டும்போது அடிப்பக்கத்தில் வெட்டச் சொல்லுங்கள். விளிம்பில் வெட்டினால் வளையம் சரியாக உட்காராது. மூடியிலும் தனியாக வெட்ட வேண்டும். முதலில் தொலைவது மூடிதான்.