தலசீமியா பரிசோதனை: தருமபுரியில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையம்

தம்பிக்கு அத்தை மகளை நிச்சயிக்கும் முன்பு, இருவருக்கும் தலசீமியா என்ற பரம்பரை ரத்த நோய்க்கான பரிசோதனை செய்ய, தருமபுரி பேருந்து நிலையத்துக்கு அருகிலுள்ள ஒரு நிலையத்துக்கு அழைத்துச் சென்றேன். ஊதா மூடிக் குழாயில் ரத்தம் எடுத்தவர், பெயரையும் வயதையும் எங்களிடம் கேட்டுச் சரிபார்த்த பிறகே சீட்டை ஒட்டினார். முடிவை விளக்கிய மருத்துவர், பெற்றோர் இருவருமே இந்த மரபணுக் குறையைச் சுமப்பவர்களாக இருந்தால் ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வர 25 சதவீத வாய்ப்பு உண்டு என்று தாளில் வரைந்து காட்டியதோடு, நோயாளியின் சொந்த ரத்தக் குருத்தணுக்களை (ரத்த அணுக்களை உருவாக்கும் மூல அணுக்களை) கிறிஸ்பர் என்ற மரபணுத் திருத்த முறையில் திருத்தும், 2023 நவம்பரில் பிரிட்டன் அனுமதித்த காஸ்ஜெவி சிகிச்சையைப் பற்றியும் பொறுமையாகச் சொன்னார். அந்தக் கால் மணி நேரத்துக்காகவே இந்த இடத்தைப் பரிந்துரைப்பேன். தம்பி மட்டுமே சுமப்பவன், அதனால் குழந்தைகளுக்கு இந்த நோய் வராது என்று தெரிந்ததும் அத்தை கண்கலங்கிவிட்டார். அறிக்கை மட்டும் முழுக்க ஆங்கிலத்தில் இருந்தது. தமிழிலும் தர வேண்டும்.