பழைய மின்சாரக் கார் வாங்கப் போறீங்களா? 90,000 ரூபாயை விட்டவன் சொல்கிறேன்

90,000 ரூபாய். வீட்டில் இதையே புலம்பிப் புலம்பி எல்லோருக்கும் அலுத்துவிட்டது, அதனால் இங்கே எழுதுகிறேன். நாகர்கோவிலில் பழைய கார் வாங்கி விற்கிற கடை ஒன்று. பெயர் சொல்லப் போவதில்லை. புகார் கொடுக்கிற நேரத்தில் வேறு வம்பு வேண்டாம்.

நான் வாங்கியது டாடாவின் டியாகோ இவி என்ற மின்சாரக் கார். அது இரண்டு பேட்டரி அளவில் வரும். ஒன்று 19.2 கிலோவாட் அவர் (கரண்ட் பில்லில் வரும் யூனிட்தான்), இன்னொன்று 24. 2022இல் வண்டி வந்தபோது கம்பெனி சொன்ன தூரம் 250 கிலோமீட்டர், 315 கிலோமீட்டர். இது சோதனைக் கணக்கு. நம்ம ரோட்டில், ஏசி போட்டு ஓட்டினால் இரண்டுமே நன்றாகக் குறையும். எக்ஸ்டி என்ற வேரியன்ட் மட்டும் இரண்டு பேட்டரியிலும் வந்தது. வெளியே நின்று பார்த்தால் எது எதென்று தெரியாது. அந்த இடத்தில்தான் என்னைக் கவிழ்த்தார்கள்.

கடையில் இரண்டு எக்ஸ்டி பக்கத்தில் பக்கத்தில் நின்றன. வெள்ளை 5,50,000. நீலம் 6,40,000. நீலத்தின் கண்ணாடியில் "24" என்று பெரிதாக எழுதி ஒட்டியிருந்தார்கள். விற்கிறவர், சின்னப் பையன்தான், வண்டி எதற்கு என்று கேட்டார். அம்மாவைத் திருவனந்தபுரம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய் அன்றைக்கே திரும்ப வேண்டும், போக வர 140 கிலோமீட்டர் வரும் என்றேன். உடனே வெள்ளை வண்டியின் கதவைச் சாத்திவிட்டார்.

"அம்மைக்குன்னா இது வேண்டாம் அண்ணே. சின்ன பேட்டரி, திரும்பி வரும்போ வழியில நிப்பீங்க. நீலத்த எடுங்க. தொண்ணூறாயிரம் கூடத்தான், ஆனா அம்மை ரோட்டுல உக்காந்திருக்க வேண்டாம்லா. சார்ஜும் இதுலதான் வேகமா ஏறும், அரை மணிக்கூர் போதும்."

அவருடைய அம்மாவுக்கும் சர்க்கரையாம், அவர்களும் அதே ஆஸ்பத்திரிக்குத்தான் போகிறார்களாம். டீ வரவழைத்தார். பேட்டரிக்குக் கம்பெனி கொடுத்த 8 வருஷ வாரண்டியில் இன்னும் பாக்கி இருக்கிறது என்று காகிதத்தையும் எடுத்துக் காட்டினார். அந்த வாரண்டி உண்மைதான். ஆனால் எந்த வாரண்டியும் 19.2ஐ 24 ஆக்கித் தராதே!

ஆமாம், நீலமும் 19.2தான்.

முதல் தடவை ஆஸ்பத்திரிக்குப் போனபோதே தெரிந்துவிட்டது. திரும்பி வருகையில் நெய்யாற்றின்கரை தாண்டியதும் சதவீதம் இறங்கிய வேகத்தைப் பார்த்து எனக்கு வயிற்றைக் கலக்கியது. மார்த்தாண்டம் நெரிசலில் ஏசியை அணைத்தேன். அம்மா முந்தானையால் விசிறிக்கொண்டே, "வண்டிக்கு என்ன தீனம் மக்கா?" என்று கேட்டார்.

தக்கலையில் இருக்கிற என் சித்தப்பா மகனிடம் இதே எக்ஸ்டி இருக்கிறது, உண்மையான 24. இரண்டு வண்டியையும் ஒரே பாஸ்ட் சார்ஜரில் ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டுப் பார்த்தோம், 10 சதவீதத்திலிருந்து 80 வரை. இரண்டுக்கும் ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆனது. கம்பெனி கணக்கிலும் இரண்டுக்கும் ஒரே நேரம்தான். பெரிய மெஷினில் சொருகினாலும் வண்டி தன்னால் வாங்க முடிந்ததைத்தான் வாங்கும். அரை மணிக்கூர் என்பது சும்மா அடித்து விட்டது. நேரத்தை வைத்துப் பார்த்தால் ஒன்றும் பிடிபடாது, யூனிட்டைப் பார்க்க வேண்டும். என் வண்டிக்கு ஏறியது 13 யூனிட் சொச்சம், அவன் வண்டிக்கு 16க்கு மேல். 19.2இல் 70 சதவீதம் 13.4, 24இல் 16.8. கணக்கு அப்படியே உட்கார்ந்தது. கம்பெனி சர்வீஸ் சென்டரில் சேசிஸ் நம்பரைக் கொடுத்துக் கேட்டேன், 19.2 என்றே சொன்னார்கள்.

அப்புறம் ஆரம்பித்தது கடைக்காரர்களின் ஆட்டம். முதலில், "ஏசி கூட வச்சிருப்பீங்க." அடுத்து, "மார்த்தாண்டம் டிராபிக்ல எந்த வண்டி அண்ணே தாங்கும்?" அப்புறம், "பேட்டரி உங்க கைக்குப் பழகணும்." பேட்டரி என்ன, புதுச் செருப்பா? சர்வீஸ் சென்டர் சொன்னதைச் சொன்னதும் அண்ணே சார் ஆகிவிட்டது. "முதலாளி வெளியூர் போயிருக்காரு சார்." நேரில் போனால், டீ வாங்கித் தந்த அதே பையன் போனைக் காதில் வைத்துக்கொண்டு பின்பக்கம் போய்விட்டார். வாட்ஸ்அப்பில் "24 தான் அண்ணே, கண்ண மூடிட்டு எடுங்க" என்று அனுப்பியிருந்த செய்தியை அழித்தும்விட்டார். நல்லவேளை, என் மனைவி அதை முன்பே படம் எடுத்து வைத்திருந்தாள். கடைசியில் முதலாளியே பேசினார்: "பில்லுல எங்கயாவது 24ன்னு எழுதியிருக்கா?" எழுதவில்லை. டியாகோ இவி எக்ஸ்டி என்று மட்டும்தான் இருக்கிறது. வேண்டுமென்றேதான் அப்படி விட்டிருக்கிறார்கள் என்று இப்போது புரிகிறது. அதே மாதிரி வண்டியை 5,50,000 என்று பக்கத்திலேயே நிறுத்திவிட்டு, என்னிடம் ஒரு காகிதத்தை ஒட்டி 90,000 கூட வாங்கியிருக்கிறார்கள்.

நாலு விஷயம் விளக்கமாக எழுத நினைத்தேன், கை நடுங்குகிறது. சுருக்கமாகச் சொல்கிறேன். பணம் கொடுக்கும் முன் சேசிஸ் நம்பரை வைத்து சர்வீஸ் சென்டரில் பேட்டரி அளவைக் கேளுங்கள். மோட்டார் சக்தியும் காட்டிக்கொடுக்கும்: சின்னதுக்கு 45 கிலோவாட், பெரியதுக்கு 55. சார்ஜரில் போட்டு யூனிட்டைக் கணக்குப் பாருங்கள், விற்கிறவர் முகம் மாறினால் வந்துவிடுங்கள். பில்லில் பேட்டரி அளவை எழுதச் சொல்லுங்கள். ஏமாந்திருந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குக் கூப்பிடுங்கள். வண்டி விலை 5 லட்சத்துக்கு மேல், 10 லட்சத்துக்குள் என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணம் 200 ரூபாய்தான், இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். நான் போடப் போகிறேன்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது கடையிலிருந்து செய்தி வந்திருக்கிறது. கேஸ் எல்லாம் எதுக்கு சார், சீட் கவர் இலவசமா போட்டுத் தாரோம் என்று. 90,000 ரூபாய்க்கு சீட் கவர். அதையும் படம் எடுத்து வைத்துவிட்டேன்.